காலையில் சாக்லேட் சீரியல் மட்டும் கேட்கும் பிள்ளை: ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஏழரை மணி ஷிஃப்டுக்கு ஆறே முக்காலுக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார். நாலரை வயது மகன் ரிசெப்ஷன் வகுப்பில், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பில், சேர்ந்திருக்கிறான். ஊரில் இட்லி, தோசை, பொங்கல் என்று எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டவன், இங்கே காலையில் பால் ஊற்றிச் சாப்பிடும் சாக்லேட் சீரியலைத் தவிர எதையும் தொடுவதில்லை. "பெட்டியில் வைட்டமின், இரும்புச்சத்து எல்லாம் போட்டிருக்கிறது, பாலும் சேர்கிறது, இது போதும்தானே அண்ணா? இல்லை, நான் பிள்ளையைக் கெடுக்கிறேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கெடுக்கவில்லை. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். புது நாட்டில், புதுப் பள்ளிக்கூடத்தில், அம்மா இல்லாத காலை நேரத்தில் ஒரு பிள்ளை வயிறு நிறைந்து வீட்டை விட்டுப் போகிறான் என்றால் நீங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். வெறும் வயிற்றோடு அனுப்புவதைவிட ஒரு கிண்ணம் சீரியல் எவ்வளவோ மேல். ஆனால் தினமும் அதுவே போதுமா என்றால், போதாது. ஏன் என்று நான் அனுபவித்ததை வைத்தே சொல்கிறேன்.

நாங்கள் லெஸ்டருக்கு வந்தது 2011-ல். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மனைவி நர்ஸ், காலை முழுக்க என் பொறுப்பு, மகளுக்கு அப்போது நான்கு வயது. சர்க்கரை பூசிய கார்ன் ஃப்ளேக்ஸ் ஒன்று அவளுக்குப் பிடித்துப்போனது. எனக்கும் வசதி. தலை பின்னிவிடுவதற்குள் அவளே சாப்பிட்டு முடித்துவிடுவாள். பெட்டியின் பக்கவாட்டில் வைட்டமின் பட்டியலைப் பார்த்து நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் செய்வதற்காகச் சமையல் தராசு வாங்கி வந்திருந்தோம். மேசையில் அது இருந்ததால், மறுநாள் காலை சும்மா அவள் கிண்ணத்தை அதன்மேல் வைத்து, வழக்கமாகக் கொட்டும் அளவு கொட்டினேன். 58 கிராம் வந்தது. பெட்டியில் 'ஒரு பரிமாறல்' என்று போட்டிருந்தது 30 கிராம். திரும்பக் கொட்டிவிட்டு 30 கிராம் மட்டும் போட்டுப் பார்த்தேன். கிண்ணத்தின் அடிதான் மறைந்தது. அதைப் போய் ஒரு பிள்ளையின் காலைச் சாப்பாடு என்று யாரும் வைக்க மாட்டார்கள். அந்தச் சீரியலில் 100 கிராமுக்கு 37 கிராம் சர்க்கரை. கணக்குப் போட்டால் அவள் கிண்ணத்தில் 21 கிராமுக்கு மேல். இங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் இன்றைக்குச் சொல்லும் அளவு, 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்குமே 19 கிராம், அதாவது ஐந்து சர்க்கரைக் கட்டி. 7 முதல் 10 வயதுக்கு 24 கிராம். ஆக, காலை எட்டு மணிக்கே அன்றைய கணக்கைத் தாண்டிவிட்டோம். கூடவே ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் வேறு கொடுப்பேன், பழம்தானே என்று. ஜூஸின் சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் சேரும். தேனும் அப்படித்தான். பாலில் இயற்கையாக இருக்கும் சர்க்கரையும், முழுப் பழத்தில் இருப்பதும் சேராது.

அதே வருடம் பல் டாக்டரிடம் கூட்டிப்போனபோது கடைவாய்ப் பற்கள் இரண்டில் சொத்தை. பால் பல்தானே, விழுந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அந்த டாக்டர் அம்மா சாக்லேட், மிட்டாய் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காலையில் என்ன சாப்பிடுகிறாள், சாப்பாட்டுக்கு நடுவே என்ன கொறிக்கிறாள் என்றுதான் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளி விட்டு வரும் வழியில் பசிக்கும் என்று, அதே சீரியலைப் பாலில்லாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். அவள் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே அரை மணி நேரம் நடந்து வருவாள். பல்லுக்கு எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பது பெரிய விஷயம் என்று அவர்தான் விளக்கினார். சீரியல் ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஜூஸுக்கும் பங்கு உண்டு. ஆனால் பல்லை அடைக்கும்போது என் விரலை அவள் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணமே பல் சொத்தைதான், தம்பி. 18 வயது வரை என்ஹெச்எஸ் பல் மருத்துவம் இலவசம். ஆனால் இடம் கிடைப்பது கஷ்டம். இன்றே பெயர் கொடுத்து வையுங்கள், வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். 'முழுதானியம்', 'வைட்டமின் டி உண்டு' என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை. பக்கவாட்டு அட்டவணையில் '100 கிராமுக்கு' என்ற பத்தியில் சர்க்கரை வரியை மட்டும் பாருங்கள். 22.5 கிராமுக்கு மேல் என்றால் அதிகம், 5 கிராம் அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தி 30 கிராமுக்கான கணக்கு. உங்கள் பிள்ளையின் கிண்ணம் அதுவல்ல. சாக்லேட் வகைகளில் சிலவற்றில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோகோ பாப்ஸில் 100 கிராமுக்கு 30 கிராம் இருந்ததை 2018-ல் 17 கிராமாக இறக்கினார்கள். எனவே எல்லாம் ஒன்று என்று நினைக்காமல் உங்கள் வீட்டுப் பெட்டியைப் பாருங்கள். தேன் போட்ட கிரனோலா என்ற வறுத்த ஓட்ஸ் வகைகளையும் அதே கண்ணோடு பாருங்கள். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும், அட்டவணை வேறு கதை சொல்லும்.

'பாலும் சேர்கிறதே' என்றீர்கள். இதே வாதம் இங்கே உயர் நீதிமன்றம் வரை போனது உங்களுக்குத் தெரிந்திருக்காது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பொருள்களைப் பெரிய கடைகளில் பில் போடும் இடத்துக்கு அருகிலும் வரிசைகளின் முனையிலும் அடுக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 2022 அக்டோபரில் ஒரு விதி வந்தது. அதற்கு முன்பே கெல்லாக்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. சீரியலை யாரும் வெறுமனே சாப்பிடுவதில்லை, பால் ஊற்றித்தான் சாப்பிடுகிறார்கள், ஆகவே பாலையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. பால் நல்ல சாப்பாடு. அந்தப் பெருமை பாலுக்குச் சேரட்டும். சர்க்கரை எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் கிண்ணத்தில் அப்படியேதான் இருக்கிறது.

இரும்புச்சத்து விஷயத்தில் நீங்கள் சொன்னது நியாயம்தான். சீரியலில் சேர்க்கும் இரும்பும் பி வைட்டமின்களும் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அதற்காகச் சர்க்கரையையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. வீட்டாபிக்ஸ் என்ற கோதுமைச் சீரியலில் இரும்பும் உண்டு, சர்க்கரை 100 கிராமுக்குச் சுமார் 4 கிராம்தான். சாதாரண ஓட்ஸில் சர்க்கரை சுமார் 1 கிராம். சேர்த்த இரும்பு இல்லையென்றாலும் நல்ல தானியம். இரண்டுக்கும் சாக்லேட் சீரியலைவிட இரண்டு நிமிடம்தான் அதிகம் ஆகும்.

ஆனால் நாளைக் காலையே அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு இங்கே எதுவும் அவன் தேர்ந்தெடுத்தது இல்லை. வீடு, குளிர், மொழி, வகுப்பு எல்லாம் நாம் கொண்டுவந்து போட்டவை. கடை வரிசையில் நின்று அவனே கைநீட்டி எடுத்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் 'நீ என்ன சாப்பிட்டாய்' என்று கேட்டால் அவனுக்கு இங்கிலீஷில் சொல்லத் தெரிந்த பதிலும் அதுவாக இருக்கலாம். என் மகள் விஷயத்தில் இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

நாங்கள் செய்தது இப்படி. முதல் வாரம் அவள் கிண்ணத்தில் பாதி பழைய சீரியல், பாதி சர்க்கரை போடாத கார்ன் ஃப்ளேக்ஸ். கண்டுபிடித்தாள், முகத்தைச் சுளித்தாள், சாப்பிட்டாள். அடுத்த வாரம் கால்வாசி. அப்புறம் மேலே தூவ ஒரு ஸ்பூன். மூன்றாவது வாரம் வீட்டாபிக்ஸ். அதில் ஒரு பக்குவம் இருக்கிறது. குளிர்ந்த பால் ஊற்றினால் ஒரு பக்கம் ஊறி ஒரு பக்கம் காய்ந்து கிடக்கும், நம் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. பாலை ஏலக்காய் தட்டிப் போட்டுக் காய்ச்சி, சூடாக ஊற்றி, கரண்டியால் மசித்துவிட்டால் கூழ் பதத்துக்கு வந்துவிடும். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் பாதியை அதிலேயே நறுக்கிப் போட்டால் இனிப்புக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த ஏலக்காய் வாசத்துக்குத்தான் என் மகள் மடங்கினாள். சனிக்கிழமை காலை மட்டும் அவளுக்குப் பிடித்த பெட்டி வெளியே வரும். அதை யாரும் குறை சொல்ல மாட்டோம்.

இட்லி தோசைக்கு இந்தக் குளிரில் மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி இருந்தால் அதற்குள் வையுங்கள். இல்லையென்றால் ஓவனைப் பற்றவைக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைத்தால் காலையில் பொங்கி இருக்கும். கீழே ஒரு தட்டு வைக்க மறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் குட்டி இட்லிகளை அவித்து ஆறவைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். காலையில் ஏழெட்டு எடுத்து, ஈரமான கிச்சன் பேப்பரால் மூடி மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம். நெய்யும் பொடியும் போட்டுப் பிரட்டினால் பிள்ளை கையாலேயே எடுத்துச் சாப்பிடுவான். ரவைக்கு இந்தியன் கடை தேடி அலைய வேண்டாம், சூப்பர் மார்க்கெட்டிலேயே செமோலினா என்ற பெயரில் கிடைக்கும். ஒரு முட்டையும் ஒரு துண்டு பழுப்பு ரொட்டியும் கொடுத்தாலும் நல்ல காலைச் சாப்பாடுதான்.

நம் ஊர்ச் சாப்பாடு என்பதாலேயே எல்லாம் சரி என்றும் இருக்க வேண்டாம். இட்லியைச் சர்க்கரையில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டால் இதே கணக்குத்தான். ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் சத்துபான டப்பாக்களிலும் அந்தச் சர்க்கரை வரியைப் பாருங்கள். போர்ன்விட்டா போன்றவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் போட்டு விற்கக் கூடாது என்று இந்திய அரசே 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது.

பள்ளி பக்கமும் உங்களுக்கு உதவி இருக்கிறது, வந்த புதிதில் யாரும் சொல்ல மாட்டார்கள். ரிசெப்ஷன் முதல் இரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் மதியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், 2014-லிருந்து. விசாவில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது', அதாவது அரசு உதவித்தொகைகள் கிடையாது, என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இந்தச் சாப்பாடு அந்தக் கணக்கில் வராது. சிறு வகுப்புகளுக்குத் தினம் ஒரு பழமோ காய்கறியோ கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் 750 பள்ளிகளில் இலவசக் காலை உணவு கிளப் தொடங்கினார்கள். உங்கள் பள்ளியில் உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். ரிசெப்ஷனில் உயரமும் எடையும் அளப்பார்கள், அதன் முடிவைச் சொல்லும் கடிதம் வந்தால் பத்திரமாக வையுங்கள். இன்னொன்று, வைட்டமின் டி. நம் தோல் நிறத்துக்கு இங்கே கிடைக்கும் வெயில் போதாமல் போகலாம். 1 முதல் 4 வயதுப் பிள்ளைகள் எல்லாருக்குமே தினம் 10 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்கிறார்கள். சீரியல் பெட்டியை நம்பி அதை விட்டுவிடாதீர்கள்.

சீரியல் மட்டுமில்லாமல் மற்ற வேளைச் சாப்பாட்டையும் ஒதுக்க ஆரம்பித்தாலோ, எடை குறைகிற மாதிரி தெரிந்தாலோ ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், காட்டிவிடுங்கள். அது வேறு விஷயம், வீட்டு வைத்தியத்துக்கு விட வேண்டாம்.

நாளைக் காலை ஒரு வேலை மட்டும் செய்யுங்கள் தம்பி. எதையும் மாற்ற வேண்டாம், வழக்கமாகக் கொட்டும் அளவையே கொட்டி அவன் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பாருங்கள். எத்தனை கிராம் வந்தது, அந்தப் பெட்டியில் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று எனக்கு எழுதுங்கள். எங்கிருந்து குறைக்க ஆரம்பிக்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.