சின்ன பிராண்டுக்குத் தனி மேலாளர் கேட்கலாமா?

உங்கள் கம்பெனியில் ஒரே மேலாளர் பெரியது, சின்னது என இரண்டு சோப்பு பிராண்டுகளையும் பார்ப்பதால் சின்ன பிராண்டை யாரும் கவனிப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகத் தனி ஆள் கேளுங்கள், ஆனால் வெறும் புலம்பலாகப் போகாதீர்கள்.

1931-இல் அமெரிக்க சோப்புக் கம்பெனியான பிராக்டர் அண்ட் கேம்பிளில் (பி அண்ட் ஜி) வேலை பார்த்த நீல் மெக்கெல்ராய்க்கும் இதே தலைவலிதான். அவர் பொறுப்பில் இருந்த கேமே சோப்பு, அதே கம்பெனியின் ஐவரி சோப்பு நிழலில் கிடந்தது. மூன்று பக்கக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். அதில் ஆள் மட்டும் கேட்கவில்லை, அந்த ஆள் என்ன செய்வார் என்பதையும் எழுதியிருந்தார்: சரக்கு எந்தப் பகுதிக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்பது, நன்றாக ஓடும் இடத்தில் எது கைகொடுத்தது என்று கண்டுபிடிப்பது, படுத்த இடத்துக்கு நேரில் போய்க் கடைக்காரரிடமும் வாங்குபவரிடமும் பேசுவது.

நீங்களும் நன்றாக ஓடும் ஒரு பகுதி, படுத்த ஒரு பகுதி என இரண்டின் விற்பனைக் கணக்கோடு போங்கள்.

அப்புறம், தனித்தனி ஆள் வந்தால் இரண்டு பிராண்டும் ஒரே விளம்பரப் பணத்துக்கு முட்டிக்கொள்ளும். பி அண்ட் ஜியிலும் அதுதான் நடந்தது; 1987-இல் பிராண்ட் மேலாளர்களுக்கு மேல் ஒவ்வொரு பொருள் வகைக்கும் ஒரு மேலாளரைப் போட்டார்கள். பணத்தை யார் பிரிப்பது என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.