செய்முறைக்கு எடுத்த 40,000 ரூபாய்

அம்மா, வணக்கம்.

பிரிட்டன் மாணவர் விசா மறுக்கப்பட்ட மகளை அழைத்துக்கொண்டு சனிக்கிழமை நீங்கள் சிம்மக்கல்லுக்கு என்னிடம் யோசனை கேட்க வந்தபோது அறை நிறையக் கூட்டம். நாற்பது நிமிடம் காத்திருந்து, பத்து நிமிடம் பேசி, திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட்டீர்கள். பேசியதில் பாதி உங்கள் மனத்தில் நின்றிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். மகளிடமும் படிக்கக் கொடுங்கள்.

நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்பீல் போட்டால் எத்தனை நாளில் முடியும்?" என்பது. விசா மறுக்கப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் மறுப்புக் கடிதத்தைக் கேட்டேன். உங்கள் மகளிடம் அது இல்லை. ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அவர் ஐந்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பியிருந்தார். மீதிப் பக்கங்களை அங்கேயே உட்கார்ந்து கேட்டு வாங்கிப் படித்தோம். இரண்டாம் பக்கத்தில் காரணம் தெளிவாக இருந்தது.

பிரிட்டன் மாணவர் விசாவுக்கு, கட்டாமல் மீதியுள்ள படிப்புக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்த தொகை, தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. இதில் 27 நாள் இருந்தது, ஒரு நாள் கொஞ்சம் குறைந்தது என்ற கணக்கே கிடையாது. உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் பத்தொன்பதாம் நாள் 40,000 ரூபாய் எடுக்கப்பட்டிருக்கிறது. தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் செய்முறை. மூன்றாம் நாள் கடையிலிருந்து பணம் வந்து கணக்கு நிரம்பிவிட்டது. நமக்கு அது மூன்று நாள் கைமாற்று. விசா அதிகாரிக்கு அது விதி தவறிய கணக்கு. அவரைக் குறை சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டுக்காரரையும் குறை சொல்லாதீர்கள். பணம் எடுக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது காசு வாங்கியவரின் வேலை.

இனி அப்பீலுக்கு வருகிறேன். பிரிட்டனுக்கு வெளியிலிருந்து மாணவர் விசா கேட்டு மறுக்கப்பட்டவர், நீதிபதி முன் வழக்கு நடத்தும் முழு அப்பீலுக்குப் போக முடியாது. அவருக்கு உள்ளது 'நிர்வாக மறுஆய்வு' என்ற வழி. முடிவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 28 நாளுக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 80 பவுண்டு. வேறொரு அதிகாரி அதே கோப்பை எடுத்துப் பார்ப்பார். முதல் அதிகாரி விதியைத் தவறாகப் பொருத்தினாரா, கொடுத்த ஆவணத்தைப் பார்க்காமல் விட்டாரா என்பதே அவருக்குக் கேள்வி. முன்பு கொடுக்காத புது ஆவணத்தைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஒரு முடிவுக்கு ஒரு முறைதான் இதைக் கேட்க முடியும்.

உங்கள் கோப்பை இதில் வைத்துப் பாருங்கள். அதிகாரி எதையும் தவறவிடவில்லை. நாம் கொடுத்த கணக்கு அறிக்கையிலேயே குறை இருக்கிறது. இப்போது சரியான கணக்கை எடுத்துக் கொடுத்தாலும் மறுஆய்வில் அதைத் தொட மாட்டார்கள். ஆகவே 28 நாளில் 12 நாள் போய்விட்டதே என்று பதற வேண்டாம். அந்தக் கெடு உங்களுக்குத் தேவையே இல்லாத கெடு.

யாருக்குத் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அக்கம்பக்கத்தில் யாருக்காவது உதவும். சென்ற ஆண்டு அவனியாபுரத்துப் பையன் ஒருவன் வந்தான். தந்தையின் கணக்கைக் காட்டியவன், அவர் தந்தைதான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கும் கடிதமும் இணைத்திருந்தான். மறுப்புக் கடிதமோ சம்மதக் கடிதம் இல்லை என்றது. பதிவேற்றிய பட்டியலை எடுத்துப் பார்த்தோம், ஏழாவது கோப்பாக அது அங்கே இருந்தது. அது அவர்கள் தவறு. அவன் மறுஆய்வு கேட்டான், முடிவு மாறியது. ஆனால் படிப்பு தொடங்கும் தேதி அதற்குள் கடந்துவிட்டதால் அடுத்த சேர்க்கையில்தான் போனான். தவறு அவர்கள் பக்கம் இருந்தாலும் காலம் நம் பக்கம் நிற்பதில்லை என்பதை அன்று அவனோடு சேர்ந்து நானும் படித்தேன்.

எதிர்வீட்டு மருமகளுக்கு லெஸ்டரில் அப்பீல் ஜெயித்ததே என்று கேட்டீர்கள். அது கணவனோடு சேர்வதற்கான குடும்ப விசா. அதில் மறுப்பு வந்தால், குடும்ப வாழ்க்கை உரிமை என்ற அடிப்படையில் குடியேற்றத் தீர்ப்பாயத்துக்கு உண்மையாகவே அப்பீல் போகலாம். வெளிநாட்டிலிருந்து போட 28 நாள், நீதிபதி விசாரணை, புது ஆதாரம் எல்லாம் அங்கே உண்டு. ஓராண்டைத் தாண்டி இழுப்பதும் உண்டு. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு மாணவர் விசாவுக்கும் அதே வழி என்று நினைத்துக்கொள்வது இயல்புதான். ஏஜென்ட் அந்த நினைப்பை வளர்த்துவிட்டு 'அப்பீல் செலவு' என்று 60,000 ரூபாய் கேட்டிருக்கிறார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கொடுக்காதீர்கள்.

ஒத்தக்கடை பக்கம் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில், அரசு முடிவை எதிர்க்கும் ரிட் மனு போடலாம் என்று உங்கள் கொழுந்தனார் சொன்னதாகவும் சொன்னீர்கள். பாஸ்போர்ட் அலுவலகம் நியாயமில்லாமல் பாஸ்போர்ட்டை நிறுத்தினால் அங்கே போகலாம். பிரிட்டன் அரசு விசா மறுத்ததை நம் நீதிமன்றம் மாற்ற முடியாது.

உங்களுக்கு உரிய வழி, புதிதாக விண்ணப்பிப்பது. மறுப்புக்குப் பிறகு இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. ஆனால் நாள் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. பணத்தை இன்றிலிருந்து தொடாமல் வைத்தாலும் 28 நாள். மாணவர்கள் 'கேஸ்' என்று சொல்லும் சேர்க்கை உறுதிச் சான்று ஒரு விண்ணப்பத்துக்குத்தான் செல்லும். பழையது செலவாகிவிட்டது, பல்கலைக்கழகம் புதியது தர வேண்டும். அதன் பிறகு முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். கூட்டிப் பார்த்தால் செப்டம்பர் முடிந்துவிடுகிறது. கூடுதலாக 500 பவுண்டு கட்டி, முன்னுரிமைச் சேவையில் ஐந்து வேலை நாளில் முடிவு வாங்கலாம் என்று ஒரு பேச்சு வரும். கட்டினாலும் 28 நாள் 28 நாள்தான்.

ஒரு குறுக்குவழி இருக்கிறது, நேர்மையானது. உங்கள் மகள் பெயரில் வங்கியின் கல்விக் கடன் திட்டத்தில் கடன் அனுமதியானால், அந்தத் தொகைக்கு 28 நாள் விதி பொருந்தாது. அனுமதிக் கடிதம் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எழுதப்பட்டதாக இருந்தால் போதும். கடை வைத்திருக்கும் குடும்பம் கடன் வாங்குவதா என்று உங்கள் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். கடைப் பணம் தினமும் வந்து போகும் பணம், அதை ஒரு மாதம் கட்டிப்போடுவதைவிடக் கடன் எளிது என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு குறுக்குவழியையும் யாராவது சொல்வார்கள். கணக்கில் காட்டுவதற்கு மட்டும் ஒரு மாத வட்டிக்குப் பணம் போட்டு எடுப்பது. நம் ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர்களுக்கு என்ன பஞ்சம்? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டால் உங்கள் மகள் பொய் சொல்ல வேண்டிவரும். ஏமாற்று என்று முடிவு செய்துவிட்டால் பிரிட்டன் விசா கதவு 10 ஆண்டுக்கு அடைபடலாம். 22 வயதுப் பெண்ணுக்கு 10 ஆண்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே காரணத்தால், புது விண்ணப்பத்தில் முன்பு விசா மறுக்கப்பட்டதா என்று கேட்கும் இடத்தில் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அப்படியே. ஒரு மறுப்பு கறை இல்லை. மறைத்தால் அது கறை. மறுஆய்வையும் போட்டுவிட்டு, புது விண்ணப்பத்தையும் கொடுத்து வைப்போம் என்று ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக நிற்கவும் முடியாது. புது விண்ணப்பம் கொடுத்தவுடன் நிலுவையில் உள்ள மறுஆய்வைத் திரும்பப் பெற்றதாகக் கொள்வார்கள்.

என் யோசனை, ஜனவரி சேர்க்கைக்குப் போகட்டும். பல்கலைக்கழகத்துக்கு மகளே தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதட்டும். அந்தப் படிப்புக்கு ஜனவரிச் சேர்க்கை உண்டா, கட்டிய முன்பணம் அதற்கு மாறுமா, மாறாவிட்டால் திரும்ப வருமா என்று மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். விதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வேறு. விசாவோடு கட்டிய மருத்துவக் கூடுதல் கட்டணம் திரும்ப வரும், விசாக் கட்டணம் வராது. காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், அதன் தேதியையும் பாருங்கள்.

உங்கள் தம்பி மகன் கனடாவுக்கு முயற்சி செய்வதாகச் சொன்னீர்கள். அங்கே படிப்பு அனுமதி மறுக்கப்பட்டால் ஒட்டாவாவைத் தலைமையிடமாகக் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து என்றால் முடிவு தெரிந்த 60 நாளுக்குள். நீதிமன்றக் கட்டணம் 50 கனடா டாலர்தான், ஆனால் அந்நாட்டு வழக்கறிஞர் செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஜெயித்தாலும் நீதிபதி விசா தருவதில்லை. வேறொரு அதிகாரி மறுபடி பார்க்கட்டும் என்று கோப்பைத் திருப்பி அனுப்புவார். அந்த அதிகாரி வேறு காரணம் சொல்லி மறுக்கவும் செய்யலாம். 14 முதல் 18 மாதம் வரை இழுத்த இந்த வழக்குகளை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் முடிக்க, 2024 அக்டோபரில் மாணவர் அனுமதிக்கென்று ஒரு சோதனைத் திட்டம் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலை கடைசியிலிருந்து மறுப்புக் கடிதத்தோடு அதிகாரியின் குறிப்பையும் சேர்த்தே அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். முன்பு அந்தக் குறிப்பை வாங்கவே தனியாக மனுப் போட்டு ஒரு மாதம் காத்திருப்போம். உள்ளூர் ஏஜென்ட் 'கனடா கோர்ட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றால், எந்த வழக்கறிஞர் என்று பெயர் கேளுங்கள்.

அமெரிக்காவில் அப்பீலே இல்லை. சென்னைத் துணைத் தூதரகத்தில் 214(பி) என்று எழுதிய தாளைக் கொடுத்தால், படித்து முடித்துத் திரும்பி வருவீர்கள் என்று அதிகாரி நம்பவில்லை என்று பொருள். மறுபடி 185 டாலர் கட்டி, புது விண்ணப்பம் நிரப்பி, புது நேர்காணலுக்குப் போவதுதான் வழி. மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரை 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்குத் திரும்பக் கட்ட வேண்டாம், பலர் தெரியாமல் இரண்டு முறை கட்டிவிடுகிறார்கள். 221(ஜி) என்ற தாள் வந்தால் அது வேறு. கூடுதல் ஆவணமோ விசாரணையோ பாக்கி என்று பொருள், ஓராண்டுக்குள் கேட்டதைக் கொடுக்கலாம்.

ஜெர்மனியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பொறியியல் பிள்ளைகள் அதிகம் ஆசைப்படும் நாடு அது. அங்கே முன்பு மறுப்பு வந்தால் தூதரகத்துக்கே காசில்லாமல் ஒரு ஆட்சேபக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது புது விண்ணப்பம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் வழக்கு, அதுவும் ஜெர்மன் மொழியில். ஆட்சேபக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று இன்னும் காசு கேட்பவர் இருந்தால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அயர்லாந்து இந்த விஷயத்தில் தாராளம். இரண்டு மாதத்துக்குள் ஒரு முறை அப்பீல், கட்டணம் இல்லை, புது ஆவணமும் இணைக்கலாம். ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து கேட்டு மறுக்கப்பட்ட மாணவருக்குப் பெரும்பாலும் தீர்ப்பாய வழி கிடையாது. விசாக் கட்டணம் 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர், அது திரும்ப வராது. அங்கே முதல் விண்ணப்பத்தையே இரண்டு முறை சரிபார்த்துக் கொடுப்பது நல்லது.

நீங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மகள் தலை குனிந்தே இருந்தாள். தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. புது விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும், கடவுச்சொல் அவளிடமே இருக்கட்டும். ஏஜென்ட் வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரட்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன் வந்தால் கூட்டம் இருக்காது. வங்கிப் புத்தகமும் மகளின் பிறப்புச் சான்றிதழும் எடுத்துவாருங்கள். சான்றிதழில் அவள் பெயர் எழுதியிருக்கிறதா, வெறும் 'பெண் குழந்தை' என்று நிற்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் பெயர் அதில் ஒரு விதமாகவும் வங்கியில் வேறு விதமாகவும் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள், இனிஷியலை விரித்து எழுதியதில் வரும் வேறுபாடு நம் ஊர்க் கோப்புகளில் அதிகம். அவரையும் அழைத்துவாருங்கள். ஆவணி பிறக்கப்போகிறது, பத்திரிகைகள் வரத் தொடங்கிவிடும். எந்தெந்தத் தேதியில் எவ்வளவு செய்முறை இருக்கிறது என்று அவர் சொன்னால், அதற்குத் தனியாக ஒரு கணக்கில் பணம் ஒதுக்கிவிட்டு 28 நாளை எண்ணத் தொடங்கலாம்.