மேடையில் விழுந்த கடிகாரம்

கேள்வி: எழுதி வைத்த வசனம் இல்லாமல், மேடையிலேயே உருவாக்கி நடிக்கும் நகைச்சுவை நாடகத்தில் எனக்குப் பித்து. வங்கி வேலையை விட்டுவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: விடாதீர்கள். இருபது ஆண்டுகளாக மேடையில் இருக்கிறேன். வீட்டு வாடகையைக் கொடுப்பது நாடகம் அல்ல, அலுவலகங்களில் நான் எடுக்கும் பயிற்சி வகுப்புகள்தான்.

என் முதல் நிகழ்ச்சியில் உடன் நடித்தவர், "டாக்டர், என் வயிற்றுக்குள் கடிகாரம் ஓடுகிறது" என்றார். பதற்றத்தில், "நான் டாக்டர் இல்லை, தபால்காரர்" என்றேன். காட்சி அங்கேயே செத்தது. "இப்போது மணி என்ன?" என்று வயிற்றில் காது வைத்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் தருவதை மறுக்காமல் வாங்கி, மேலே ஒன்று சேர்க்க வேண்டும், அதுதான் அரிச்சுவடி.

சிகாகோவில் நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் குழந்தைகளுக்காக வகுத்த விளையாட்டுகளே இந்த வகை நாடகத்தின் வேர். அவர் மகன் பால் சில்ஸ், 1959இல் அங்கே செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனும் ஊர்ச் செய்தியை அந்த நிமிடமே வசனமாக்குகிறவன்தான். ஒரு கூத்தையாவது விடிய விடியப் பாருங்கள். (பிளாஸ்கில் காபி அவசியம்.)

சனிக்கிழமைதோறும் நான்கு பேரைச் சேர்த்து மொட்டைமாடியில் பழகுங்கள். டிக்கெட் விற்று ஓராண்டு ஓடட்டும். ராஜினாமா பற்றி அப்போது எழுதுங்கள்.