கடைக்காரங்க அடிச்ச பென்னி

சார் வணக்கம். ஆஸ்திரேலியாவுல கடைக்காரங்களே காசு அடிச்சு விட்டாங்கன்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. அது கள்ளக்காசு தானே? ஜனங்க எப்படி வாங்கினாங்க, கவர்மென்ட் ஏன் சும்மா இருந்துச்சு?
— ஈரோடு வாசகர்

தம்பி, வணக்கம்.

கள்ளக்காசுன்னா சர்க்கார் காசு மாதிரியே அடிச்சு ஏமாத்தறது, இதுக்கு டோக்கன்னு பேரு, கடை பேரு ஊரு பேரெல்லாம் காசு மேலயே தெளிவா இருக்கும். பஸ்ல கண்டக்டர் பாக்கிய டிக்கெட் பின்னாடி எழுதித் தர்ற மாதிரி, இன்னார் எனக்கு இவ்ளோ தரணும்ங்கற கணக்கு தான் அது. 1849ல மெல்போர்ன்ல ஆனண்ட் ஸ்மித்னு ஒரு மளிகைக்கடை ஆரம்பிச்சு வச்சுது. 1851ல தங்கம் கெடைச்சதும் ஜனம் வந்து குவியுது, எல்லாருக்கும் ரொட்டியும் டீத்தூளும் வேணும், ஆனா இங்கிலாந்துல இருந்து பென்னி மாதிரி செம்புச் சில்லறைக்காசு போதுமான அளவுக்கு வரவே இல்ல.

எனக்கு ஆத்திரமே இங்க தான். 1855ல சிட்னில மின்ட், அதாவது சர்க்கார் காசு அடிக்கற எடம், தொறந்தாங்க, அங்க என்ன அடிச்சாங்கன்னா சாவரின்ங்கற தங்கக் காசும் அரை சாவரினும். ஒரு சாவரின் 240 பென்னி, அத நீட்டி ஒரு பென்னிக்கு சாமான் கேட்டா மீதிய எந்தக் கடைக்காரர் எண்ணித் தருவாரு? கூலிக்காரனுக்கு வேண்டிய காச பத்தி யாரும் யோசிக்கல, அதனால தான் ஜனங்க டோக்கன வாங்கினாங்க, கவர்மென்ட்டும் கண்டுக்கல.

கடைக்காரருக்கு இதுல ரெட்டை லாபம். அடிக்கற செலவு ஒரு பென்னிய விட கம்மி, விளம்பரமும் ஆச்சு. ஹாலோவேன்னு லண்டன்ல மாத்திரை, களிம்பு வித்தவரு ஒருத்தர், 1857, 1858ன்னு வருஷம் போட்ட அவரோட டோக்கன் ஆஸ்திரேலியாவுல நல்லா புழங்குச்சு. ராணி தலை இருக்க வேண்டிய எடத்துல அவரோட தலை, சுத்தி 'புரொபசர் ஹாலோவே, லண்டன்', திருப்பினா மாத்திரை விளம்பரம். மெல்போர்ன்லயே ஸ்டோக்ஸ்னு ஒருத்தர் கங்காரு, ஈமு போட்டு பல கடைகளுக்கு அடிச்சுக் குடுத்தாரு.

நஷ்டம்னு வந்தா அது கடைசியா கையில வச்சிருந்தவங்களுக்குத் தான். கடைய மூடிட்டா யார்கிட்ட போய் மாத்தறது? மெல்போர்ன் இருக்கற விக்டோரியால 1863லயும் சிட்னி இருக்கற நியூ சவுத் வேல்ஸ்ல 1868லயும் டோக்கன தடை பண்ணிட்டாங்க. நியூசிலாந்துல இன்னும் கொஞ்ச காலம் ஓடுச்சு, கிறைஸ்ட்சர்ச்ல ஒரு பியானோ கடை 1881ல கூட டோக்கன் விட்டிருக்கு.