ஆட்டோவும் போய்விட்டது, கடனும் நிற்கிறது: அறவிட வருபவரும் கிறிப் அறிக்கையும்

கேள்வி: நாங்கள் கொடிகாமத்தில் வசிக்கிறோம். 2018இல் என் கணவர் ஒரு நிதி நிறுவனத்தில் லீசிங்கில் ஆட்டோ எடுத்தார். மச்சான் பிணை வைத்தார். 2020இல் ஊரடங்கோடு ஓட்டம் நின்று தவணைகள் தவறின. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஆட்டோவைக் கொண்டுபோய்விட்டார்கள். அதோடு கணக்கு முடிந்தது என்றிருந்தோம். இப்போது 487,300 ரூபாய் நிலுவை என்று ஒருவர் படலையில் வந்து நின்று சத்தம் போடுகிறார். கனடாவில் உள்ள அண்ணாவுக்கும் அழைத்திருக்கிறார். வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால், கிறிப்பில் பெயர் இருக்கிறது என்று மறுக்கிறார்கள். 40,000 ரூபாய் தந்தால் கிறிப்பிலிருந்து பெயரை எடுத்துத் தருவதாக யாழ்ப்பாண நகரில் ஒருவர் சொல்கிறார். அண்ணாவோ யூடியூபில் பார்த்த ஒரு கடிதத்தை அனுப்பச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்த 40,000 ரூபாயை யாருக்கும் கொடுக்காதீர்கள். கிறிப் என்று நாம் சொல்லும் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அங்கே இருக்கும் கடன் விவரங்களை அனுப்புபவை வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். அனுப்பிய நிறுவனம் திருத்தினால் மட்டுமே பதிவு மாறும். இடையில் நிற்கும் எவராலும் உள்ளே கை வைக்க முடியாது. அந்த மனிதர் மிஞ்சிப்போனால் நீங்களே எழுதக்கூடிய ஒரு முறைப்பாட்டை எழுதிக் கொடுப்பார். அதைக்கூடச் செய்யாமல் கைபேசியை அணைத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

கிறிப் கறுப்புப் பட்டியலும் அல்ல. ஒழுங்காகக் கட்டிய கடனும் அங்கே இருக்கும், தவறிய கடனும் இருக்கும். பார்த்து முடிவெடுப்பது வங்கி. ஆகவே வங்கி அலுவலர் வாயால் சொன்னதோடு நிற்காமல் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் ஒன்று, கணவர் பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று. தேசிய அடையாள அட்டையைக் காட்டி, கட்டணம் செலுத்தி, இணையவழியாகவோ வங்கிக் கிளை ஊடாகவோ பெறலாம். மச்சானை மறந்துவிடாதீர்கள். பிணையாளியின் அறிக்கையிலும் இந்தக் கடன் தெரியும். நாளைக்கு அவர் ஒரு கடன் கேட்கப் போகும்போதுதான் அது அவருக்குத் தெரியவரும் என்றால் குடும்பத்துக்குள் வேறு வழக்குத் தொடங்கிவிடும்.

அறிக்கையில் மூன்று இடங்களைப் பாருங்கள். நிலுவைத் தொகை எவ்வளவு, கணக்கின் நிலை என்ன, கடந்த 24 மாதங்களில் எத்தனை நாள் தாமதம் என்று பதிந்திருக்கிறார்கள். ஆட்டோவை விற்ற பணம் கழிக்கப்படாமல் பழைய தொகையே கிடக்கலாம். ஒரே கடன் இரண்டு முறை பதிவாகியிருக்கலாம். இவை பிழைகள், திருத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் நிதி நிறுவனத்துக்கும், கூடவே பணியகத்துக்கும் எழுத்தில் முறையிடுங்கள். ஆனால் தவணை தவறியது உண்மை என்றால் அந்த உண்மையை அழிக்க வழியில்லை. கடனைத் தீர்த்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்று மாறும். பழைய தாமதங்களின் தடம் சில காலம் அறிக்கையில் தொடரும். கடன் அறிக்கையில் ‘பதிவழிப்பு’ என்று கண்டால் மன்னித்துவிட்டார்கள் என்று மகிழவும் வேண்டாம். அது நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொண்ட ஒழுங்கு. கடன் அப்படியேதான் இருக்கிறது.

அண்ணா சொல்லும் கடிதம் அமெரிக்காவுக்கு உரியது. அங்கே கடன் அறவிடுவோர் பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டம், அறிவித்தல் கிடைத்த 30 நாட்களுக்குள் ‘இந்தக் கடனை நிரூபியுங்கள்’ என்று எழுதிக் கேட்க இடம் தருகிறது. அங்கே மோசமான பதிவுகளும் பெரும்பாலும் 7 ஆண்டுகளில் அறிக்கையிலிருந்து விழுந்துவிடும். அந்தச் சட்ட இலக்கங்களைப் போட்டு யாழ்ப்பாணக் கிளை முகாமையாளருக்கு எழுதினால் அவர் அதைக் கோப்பில் செருகிவிட்டுப் போய்விடுவார். கடனை நிரூபிக்கக் கேட்க வேண்டும் என்ற யோசனை மட்டும் நல்லது. அதை நம் ஊர் முறைப்படி செய்வோம்.

இனிக் கடனுக்கு வருவோம். லீசிங் வாகனத்தைக் கொண்டுபோவதோடு கணக்கு முடிவதில்லை. அதை விற்று, வந்த பணத்தைக் கழித்து, மிச்சத்தை உங்களிடமும் பிணையாளியிடமும் கேட்க நிறுவனத்தால் முடியும். எவ்வளவு மிச்சம் என்பதில்தான் விளையாட்டு நடக்கும். எனவே கிளை முகாமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். ‘நான் தரவேண்டிய கடன்’ என்று எழுத வேண்டாம். ‘நீங்கள் கோரும் 487,300 ரூபாய் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதற்கான முழு விவரத்தைத் தரவும்’ என்று எழுதுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆட்டோ எந்தத் திகதியில், எவ்வளவுக்கு விற்கப்பட்டது, அந்தத் தொகை எப்போது கணக்கில் சேர்ந்தது, தாமத வட்டி எந்த வீதத்தில் எந்த நாள் வரை போடப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வாகனத்தை எடுத்த செலவு, யாட்டில் நிறுத்திய வாடகை, சட்டக் கட்டணம் என்று அடியில் வரும் சில்லறை வரிகளுக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பேரம் பேசும்போது முதலில் இளகுவது இந்த வரிகள்தான்.

2020 மார்ச்சில் கொரோனா நிவாரணமாக ஆட்டோ லீசிங்குக்கு ஆறு மாதத் தவணைச் சலுகை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அந்த மாதங்களைக் கணக்கில் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று விரல் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சலுகை தந்துவிட்டு அதே மாதங்களுக்குத் தாமத வட்டியும் போட்டிருந்தால், எதிர்த்துப் பேச உங்களிடம் வலுவான ஒரு புள்ளி இருக்கிறது.

படலையில் நிற்பவரிடம் கணக்குப் பேசாதீர்கள். நிறுவனத்தின் அடையாள அட்டையும், உங்களிடம் அறவிட அவருக்கு அதிகாரம் தரும் கடிதமும் கேளுங்கள். இரண்டையும் படம் எடுத்துவைத்துக்கொண்டு, ‘எழுத்தில் கேட்டிருக்கிறோம், எழுத்தில் பதில் தாருங்கள்’ என்று சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்குள் வர அவருக்கு உரிமை இல்லை. தொலைக்காட்சியையோ சைக்கிளையோ தூக்கிக்கொண்டு போகவும் உரிமை இல்லை. அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். ‘பொலிஸில் பிடித்துக் கொடுப்பேன்’ என்பது வெறும் பயமுறுத்தல். தவணை தவறுவது சிவில் விவகாரம். ஆனால் கடன் எடுத்தபோது காசோலை ஏதாவது கொடுத்திருந்தால் உடனே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். கணக்கில் பணமில்லாமல் காசோலை கொடுத்தது குற்றமாகவே பார்க்கப்படலாம்.

அவரிடம் கையில் காசு கொடுக்கவே வேண்டாம். ‘இப்போது ஒரு 5,000 தாருங்கள், மேலிடத்தில் சொல்லிச் சமாளிக்கிறேன்’ என்பது இவர்களின் வழமையான பேச்சு. கணக்கு இலக்கம் எழுதாத துண்டுச் சீட்டில் கிறுக்கித் தரும் பற்றுச்சீட்டு நாளைக்கு எங்கும் செல்லாது. ஆளுக்குச் சட்டைப்பை நிரம்பும், உங்கள் கணக்கில் ஒரு சதமும் குறையாது.

அயலவருக்குக் கேட்கக் கத்துவதும் கனடாவுக்கு அழைப்பதும் வேறு விடயம். நம் ஊரில் கடனை விட மானத்துக்குத்தான் மனிதர் கூடப் பயப்படுகிறார்கள், அறவிட வருபவர்களும் அதை அறிந்தே அந்த நரம்பில் கை வைக்கிறார்கள். அண்ணா பிணை வைக்கவில்லை. அவருக்கு அழைக்க எந்த நியாயமும் இல்லை. மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் கடன் அறவீட்டில் தொல்லைக்கும் மிரட்டலுக்கும் இடம் தரவில்லை. வெளியாளை அனுப்பினோம் என்று நிறுவனம் கைகழுவவும் முடியாது. திகதி, நேரம், பேசிய இலக்கம், சொன்ன வார்த்தைகள் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். சரியான பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், எழுதவும் செய்யலாம். தமிழிலேயே எழுதுங்கள். அடிதடி மிரட்டல் என்றால் அன்றே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள்.

‘தரவேண்டிய கடன்’ என்று எழுத வேண்டாம் என்றதற்குக் காரணம் காலாவதிச் சட்டம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட ஆறு ஆண்டுகள். கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதமோ, வட்டியாகக் கொடுத்த ஒரு சிறு தொகையோ அந்த ஆறு ஆண்டுகளைப் புதிதாகத் தொடக்கிவிடலாம். படலையில் கேட்கும் 5,000 ரூபாயின் இன்னொரு ஆபத்து இதுதான். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது ஒப்பந்தம் எப்போது முடிவுறுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தது. கொரோனாக் காலத் தாமதங்களுக்கென 2021இல் வந்த 17ஆம் இலக்கச் சட்டமும் குறுக்கே நிற்கிறது, அதனால் இந்த ஆறு ஆண்டுக் கணக்கு மாறலாம். விரல் விட்டு நீங்களே எண்ணி முடிவெடுக்காமல் ஒப்பந்தத்தோடு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம்.

இதை ஒரு நழுவல் வழியாக நினைக்க வேண்டாம். காலாவதி என்பது நீதிமன்றத்தில் நீங்கள் எழுப்ப வேண்டிய எதிர்வாதம். அது கிறிப் பதிவைத் துடைத்துத் தராது. உங்களுக்கு வேண்டியது வீட்டுக் கடன். ஆகவே தீர்த்துவிடுவதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. காலாவதியைப் பேரம் பேசும் பலமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்க்கும்போது அவசரம் வேண்டாம். ஒரே தடவையில் செலுத்துவதாகச் சொன்னால் தாமத வட்டியிலும் கட்டணங்களிலும் கணிசமாக விட்டுக்கொடுக்க நிறுவனங்கள் முன்வருவதுண்டு. அப்படிக் கேட்கும் கடிதத்துக்கு ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ (சமரசத்துக்காக எழுதுவது கடனை ஒப்புக்கொண்டதாகாது என்ற பொருளில்) என்று தலைப்பிட்டு, சட்டத்தரணி மூலம் அனுப்புவது பாதுகாப்பு. அண்ணா உதவுவதாக இருந்தாலும் பணம் முதலில் வரக்கூடாது, கடிதம் முதலில் வர வேண்டும். நிறுவனத்தின் கடிதத்தாளில், கணக்கு இலக்கத்தோடு, இன்ன தொகையை இன்ன திகதிக்குள் செலுத்தினால் முழுக் கடனும் தீர்ந்தது, கணவரும் பிணையாளியும் விடுவிக்கப்படுகிறார்கள், கிறிப்புக்குத் தீர்ந்ததாக அறிவிக்கப்படும் என்று இருக்க வேண்டும். பிணையாளியின் பெயர் விடுபட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். பிறகு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துங்கள். கடன் எடுத்த நாளில் வெறும் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அவற்றையும் திரும்பக் கேளுங்கள்.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் பிரிக்காமல் அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். பல லீசிங் ஒப்பந்தங்களில் நடுத்தீர்ப்புக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தரும் தீர்ப்புக்கு, சம்மதிக்கும் வாசகம் இருக்கிறது. நீங்கள் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகி, மேல் நீதிமன்றம் வழியாக நிறைவேற்ற வருவார்கள். மாவட்ட நீதிமன்றத்திலிருந்து கட்டளை வந்தாலும் அப்படித்தான். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் முதலில் கட்டளை வரும், குறித்த நாளில் போய் எதிர்க்க அனுமதி கேட்காவிட்டால் அதுவே நிலைத்துவிடும்.

பணம் செலுத்திய பிறகு ஓரிரு மாதங்கள் விட்டு மூன்று அறிக்கைகளையும் மறுபடி எடுங்கள். நிறுவனங்கள் மாதத்துக்கு ஒருமுறைதான் விவரம் அனுப்புகின்றன. இன்னும் நிலுவை என்றே காட்டினால் தீர்வுக் கடிதத்தின் பிரதியோடு முறையிடுங்கள். மாறியதும் ஒரு வங்கிக்கு மட்டும் போங்கள். அறிக்கையையும் தீர்வுக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஐந்தாறு வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு வங்கியும் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்ததும் அதே அறிக்கையில் பதிவாகும்.