பாரிசவாதத்துக்குப் பிறகு அதிர்வு மேடை உதவுமா?

கல்முனையிலிருந்து வந்த கேள்வி: வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று மாதம், பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதிர்வு மேடை (ஏறி நின்றால் உடம்பை அதிரவைக்கும் கருவி) வாங்கலாமா?

அவசரப்பட்டு வாங்க வேண்டாம். மேடை அதிரும்போது தசை இழுபட்டு, அனிச்சையாகச் சுருங்கும். பாதத்திலிருந்து மூளைக்கு உணர்வும் கூடுதலாகப் போகும். கருத்து நல்லதுதான். ஆனால் 2006இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், செக்கனுக்கு 30 அதிர்வு, 45 செக்கன் வீதம் 4 தடவை, வாரம் 5 நாள், 6 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இசையோடு செய்த சாதாரண உடற்பயிற்சியை விட சமநிலை கூடவில்லை.

இயன்மருத்துவர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். முழங்காலைச் சற்று மடித்தே நிற்க வேண்டும். விறைப்பாக நின்றால் அதிர்வு தலைவரை ஏறி, தலைசுற்றும். பலர் நல்ல காலிலேயே பாரத்தைப் போட்டுவிடுவார்கள், அப்போது பலவீனமான காலுக்குப் பயிற்சியே இல்லை. காலில் இரத்தக்கட்டி, பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி), அண்மைய எலும்பு முறிவு, வலிப்பு இருந்தால் மேடையில் ஏற்றவே கூடாது. சீனி வருத்தக்காரரென்றால் உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மேடையை விட, கதிரையிலிருந்து எழும்பித் திரும்ப உட்காரும் பயிற்சி மேல். உயரமான கதிரை, பாதம் இரண்டும் முழுதாக நிலத்தில், பலவீனமான பாதம் சற்றுப் பின்னால், பக்கத்தில் ஒருவர். 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. கடற்கரை மணலில் நடத்துவது இப்போதைக்கு வேண்டாம். தொங்கும் பாதத்தின் விரல் மணலில் புதைந்து விழுத்திவிடும்.