சுவரில் முளைத்த அரசு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைவிடப்பட்ட பழைய கல்மண்டபம் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து சுத்தம் செய்ய நினைக்கிறோம். மேற்தளத்திலும் சுவர்களிலும் அரசும் ஆலும் முளைத்திருக்கின்றன. முன்பு யாரோ வெட்டிய இடங்களில் இப்போது நாலைந்து கிளைகளாகத் தழைத்து நிற்கின்றன. வேரோடு பிடுங்கிவிடலாமா? உப்போ ஆசிடோ ஊற்றினால் போதும் என்கிறார்கள். உள்ளே ஒரு பெரிய மரமும் சுவரைக் கவ்வி நிற்கிறது.

கே.

அன்புள்ள கே.,

தயவுசெய்து பிடுங்காதீர்கள். நாலு இலை விட்ட நாற்றை மழைக்கு மறுநாள் கையால் எடுத்துவிடலாம். தண்டு விரல் பருமன் ஆகிவிட்டால் கதையே வேறு. இடுக்கில் நூலாக நுழைந்த வேர் உள்ளே பருத்து, சாந்தை நொறுக்கி, அந்த இடத்தில் தானே உட்கார்ந்திருக்கும். இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும்.

வெறுமனே வெட்டிவிட்டுப் போவதும் கெடுதல்தான். அடிக்கட்டையின் உறங்குமொட்டுகள், வேரில் சேர்ந்திருக்கும் உணவைக்கொண்டு மறுபடி துளிர்க்கும். மேலே வெட்ட வெட்ட, உள்ளே வேர் பருத்துக்கொண்டே போகும். நீங்கள் பார்த்த நாலைந்து கிளைகள் அப்படி வந்தவை.

வேர் சுவருக்குள்ளேயே சாகவேண்டும். செடி செழித்திருக்கும் பருவத்தில், மழையில்லாத நாளாகப் பார்த்து, சுவரிலிருந்து நாலு விரல் விட்டு ரம்பத்தால் அறுங்கள். அரிவாளை ஓங்கினால் கல் அசையும். வடியும் பாலைத் துணியால் ஒற்றியெடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் 41 சதவீத கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அப்படியேயோ சரிபாதி நீர் கலந்தோ தூரிகையால் பூசுங்கள். பட்டையை ஒட்டி உட்புறமாக உள்ள மெல்லிய வளையத்தில் பட்டால் போதும். வேருக்கு உணவு இறங்கும் வழியிலேயே மருந்தும் இறங்கும். நடுக்கட்டையில் பூசுவது வீண். தாமதித்தால் வெட்டுவாய் காய்ந்து மருந்து உள்ளே போகாது. மணிக்கட்டைவிடப் பருத்த கட்டையென்றால் வளையத்தை ஒட்டிக் கீழ்நோக்கிச் சாய்வாக, இரண்டு அங்குல ஆழத்துக்குத் துளைகள் போட்டு, மருந்தை ஊற்றிக் களிமண்ணால் அடையுங்கள். மறுபடி துளிர்த்தால் இலை விரியும்வரை விட்டுவைத்து இதையே திரும்பச் செய்யுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கிளைபோசேட்டுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் தொல்லியல் துறையின் அனுமதியின்றி ஒரு தண்டைக்கூடத் தொடக்கூடாது.

உப்பு கல்லில் ஊறி, காயும்போது படிகமாகி, கல்லின் முகத்தைப் பொரிந்து உதிரவைக்கும். ஆசிட் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பலரும் வேர் செத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். மட்கிய வேர் விட்டுப்போகும் பொந்தில் தண்ணீர் இறங்கும். பறவை எச்சத்தோடு அடுத்த விதையும் வந்து விழும். ஆகவே வேர் நன்றாகக் காய்ந்தபின், தளர்ந்து வருவதை மட்டும் எடுத்து, இடுக்கைக் கழுவி, சுண்ணாம்புக் குழம்பை உள்ளே செலுத்துங்கள். வாயை ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் சேர்த்த சாந்தால் அடைத்து, ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். சிமெண்ட் கூடாது. பழைய சாந்தைவிட அது இறுக்கமானது, ஈரத்தையும் வெளியே விடாது. ஓரங்களில் விரிசல் விடும், அங்கேதான் அடுத்த செடி முளைக்கும். மேற்தளத்தில் தண்ணீர் வெளியேறும் வழி அடைத்திருந்தால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள்.

பெரிய மரத்தில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். சுவரைப் பிளந்த வேரே இப்போது அதைத் தாங்கிக்கொண்டும் இருக்கலாம். கம்போடியாவின் தா ப்ரோம் கோயிலில் அப்படிப்பட்ட மரங்கள் பலவற்றை அகற்றாமல், தேவையான இடங்களில் தாங்கல் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பழங்கட்டடங்களில் பழகிய கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கட்டும்.

எல்லாச் செடியும் பகையல்ல. ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்தில் மட்டும் 420 வகைத் தாவரங்கள் இருந்ததாகத் தாவரவியலாளர் ரிச்சர்ட் டீக்கின் 1855-இல் பட்டியலிட்டார். பின்னர் நடந்த துப்புரவில் பெரும்பகுதி போய்விட்டது. நீங்களும் தொடங்குமுன் ஒவ்வொரு செடியையும் இடம் குறித்துப் படமெடுத்து வையுங்கள். பாசியையும் பெரணியையும் சுரண்ட அவசரப்படவேண்டாம். அவை அடர்ந்திருக்கும் இடமாகப் பார்த்து, மழை பெய்யும்போது போய் நின்று, தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடியுங்கள்.